நேர்கோட்டின் வழு: இயந்திர நகர்வை லேசர் ஒளியால் அளத்தல் பற்றிய ஒரு விளக்கம்

மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலின் முதற் பாகத்தில் (1867), இயந்திரங்களைப் பற்றி ஆராயுமிடத்து, ஹென்றி மோட்ஸ்லியின் சறுக்குத் தாங்கியைத் தனியே எடுத்துப் பேசுகின்றார். கடைசல் இயந்திரத்தில் வெட்டுக் கருவியை இறுகப் பற்றிக்கொண்டு, உலோகப் பாதையொன்றின் வழியே நகரும் உறுப்பே அதுவாகும். அதுவரை கடைசற்காரன் தன் கையாற் பிடித்து நடத்திய கருவியை அதன் பின்னர் பாதை நடத்தலாயிற்று. மனிதக் கை ஆற்றிவந்த பணியை உலோகம் ஏற்றுக்கொண்டமையே மார்க்ஸின் கவனத்தை ஈர்த்தது.

கையின் இடத்தைப் பாதை பெற்றுக்கொண்டபோது புதியதொரு வினாவும் பிறந்தது. கை கோணினால் கண் அதனைக் கண்டு அக்கணமே திருத்தும். பாதை கோணினால் என் செய்வது? பாதையிலுள்ள கோட்டம் அவ்வியந்திரம் வெட்டும் ஒவ்வொரு பொருளிலும் அப்படியே படியும். எனவே பாதையின் நேர்த்தன்மையை முன்கூட்டியே அளந்தறிதல் இன்றியமையாததாகின்றது. இன்று அவ்வளவைக்குப் பெரிதும் பயன்படுவது லேசர் ஒளியாகும். ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்பது பாடசாலையில் நாம் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று. ஆகவே லேசர் கருவி காட்டும் எண்ணே முடிந்த முடிபு என்னும் நம்பிக்கை எளிதில் வேரூன்றிவிடுகின்றது. அந்நம்பிக்கை எங்கே பிழைபடுகின்றது, வழுக்கள் எவ்வழிகளால் அளவையினுட் புகுகின்றன, அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளராகிய நாம் இவ்விடயத்திற் புகுவதற்குக் காரணமும் உண்டு. சான்றொன்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது எல்லா ஆய்வுத் துறைகளுக்கும் பொதுவான வினாவாகும்.

1. வழுவும் வழுவமைதியும்

நமது பௌதிகவியற் பாடநூல்கள் அளவைப் பிழையை ‘வழு’ என்னும் சொல்லாற் குறிக்கின்றன. இலக்கண மரபிலிருந்து பெறப்பட்ட இச்சொல் மிகப் பொருத்தமானது. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளை இலக்கண நூலார் வகுத்துள்ளனர். குற்றமுடையதாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இயந்திரப் பொறியியலும் இவ்வாறே தொழிற்படுகின்றது. முற்றிலும் நேரான பாதை என ஒன்று உலகில் இல்லை. இத்தனை மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட கோட்டம் அமையும் என வரையறுத்துக்கொண்டே இயந்திரங்கள் செய்யப்படுகின்றன. ஒரு மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்காகும்.

அளவையில் தோன்றும் வழுக்கள் இரு வகையின. ஒன்று எழுமாற்று வழு. அது சிலவேளை கூட்டியும் சிலவேளை குறைத்தும் காட்டும். ஒன்றையொன்று சாராத நூறு அளவீடுகளின் சராசரியை எடுத்தால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும். மற்றையது முறைமை வழு. அது ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் ஒரே அளவிற் பிழை காட்டுவது. ஆயிரம் தடவை அளந்தாலும் அது குறையாது. மாறாக, அளவீடுகள் தம்முள் ஒத்திருப்பதனால் பிழையே உண்மையெனத் தோன்றும். ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகள் பலவும் ஒரே பிழையைக் கொண்டிருத்தல் கூடும். ஏடுகளின் தொகை அப்பாடத்துக்கு வலுச் சேர்ப்பதில்லை என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். லேசர் அளவையிலும் ஆபத்தானவை இத்தகைய ஒத்த பிழைகளே.

2. அளவை நிகழும் முறை

நேர்த்தன்மையை லேசரால் அளப்பதற்கு இரண்டு முறைகள் வழக்கிலுள்ளன. முதலாவது எளியது. ஒளிக்கற்றையொன்றைப் பாதையின் நீளத்துக்குச் செலுத்தி, நகரும் மேசையில் ஒளியுணரியொன்றைப் பொருத்துவர். மேசை பக்கவாட்டிலோ மேலுங்கீழுமோ விலகினால், கற்றை உணரியின் நடுவை விட்டு விலகி விழும். இங்குக் கற்றையே அளவுகோலாகும். ஆதலின் லேசரைத் தாங்கும் பீடம் மிகச் சிறிது திரும்பினாலும் அளவுகோலே திரும்பிவிடும். ஒரு மைக்கிரோரேடியன் அளவான திருப்பம், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் வீதமான சாய்வு, 10 மீற்றர் தொலைவில் 10 மைக்கிரோமீற்றர் விலகலாகக் காட்சி தரும்.

இரண்டாவது முறை ஒளி அலைகளின் தலையீட்டை அடிப்படையாகக் கொண்டது. ஈலியம்–நியோன் லேசரின் சிவப்பு ஒளி, 0.633 மைக்கிரோமீற்றர் அலைநீளமுடையது. இவ்வொளி உவொலாஸ்டன் அரியம் ஒன்றினுட் புகுந்து, சிறு கோணத்தில் விரியும் இரு கற்றைகளாகப் பிரிகின்றது. அக்கோணத்துக்கு ஏற்பச் சாய்த்துப் பொருத்தப்பட்ட இரு தளவாடிகள் அவற்றைத் திருப்பி அனுப்புகின்றன. அரியம் பக்கமாக விலகினால் ஒரு கற்றையின் பாதை நீளும். மற்றையதன் பாதை குறுகும். அவ்வேறுபாட்டை அலைகளின் தலையீடு எண்ணித் தருகின்றது. 1970களில் இம்முறை வணிகக் கருவிகளாக வெளிவந்தது.

இம்முறையின் சிறப்பு, லேசர்ப் பீடம் சிறிது அசைந்தாலும் பெருந்தீங்கு விளையாமையாகும். ஆயின் அதற்கொரு விலையும் உண்டு. குறுந்தூர அளவைக்குரிய அரியத்தில் இரு கற்றைகளுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மாத்திரமே. எனவே உண்மையான பக்க விலகல், நீளம் அளக்கும் கணக்கில் ஏறத்தாழ 36இல் ஒரு பங்காகச் சுருங்கியே பதிவாகின்றது. கருவி அதனை 36ஆற் பெருக்கிக் காட்டும். விலகலைப் பெருக்கும் அப்பெருக்கம், ஒளியின் பாதையிற் புகும் எந்த வழுவையும் அதே மடங்கு பெருக்கும். நெடுந்தூரத்துக்குரிய அரியத்தில் இம்மடங்கு ஏறத்தாழ 360 ஆகின்றது.

3. வளி என்னும் வில்லை

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்னும் கூற்று வெற்றிடத்துக்கும் சீரான ஊடகத்துக்குமே பொருந்தும். தொழிற்சாலையின் வளி சீரானதன்று. வளியின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் அதன் முறிவுச் சுட்டி ஏறத்தாழ மில்லியனில் ஒரு பங்கு குறையும். நீளத்தை அளக்கும்போது வளியின் சராசரி வெப்பநிலையே முக்கியமானது. நேர்த்தன்மையை அளக்கும்போதோ, கற்றையின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடே முக்கியமானது. இவ்வேறுபாட்டைக் கவனியாது, ஓரிடத்தில் மட்டும் வெப்பமானியை வைத்துப் பார்த்து நிறைவடைதல் பொதுவாக நிகழும் தவறாகும்.

தரையருகே வளி குளிர்ந்தும் மேலே வெப்பமாகவும் இருப்பதாகக் கொள்வோம். கற்றை குளிர்ந்த பக்கத்தை நோக்கி வளையும். மீற்றருக்கு ஒரு பாகை வீதம் வெப்பநிலை மாறுமாயின், 3 மீற்றர் சென்ற கற்றை 4.5 மைக்கிரோமீற்றரும், 10 மீற்றர் சென்ற கற்றை 50 மைக்கிரோமீற்றரும் கீழிறங்கும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இவ்விறக்கம் பெருகுவது மனங்கொள்ளத் தக்கது. தலையீட்டு முறையும் இதிலிருந்து தப்புவதில்லை. விரிந்து செல்லும் இரு கற்றைகளும் வேறுபட்ட வெப்பநிலையுடைய வளியினூடு செல்வதால், அங்கும் அதே அளவான பொய் விலகல் தோன்றும்.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முற்றிலும் நேரான 10 மீற்றர்ப் படுக்கையொன்றை இந்நிலையில் அளந்தால், முனைகள் இரண்டையும் இணைக்கும் கோட்டை அடிப்படையாகக் கொண்டு பார்க்கும்போது, படுக்கை நடுவில் 12.5 மைக்கிரோமீற்றர் தாழ்ந்திருப்பதாகக் கருவி காட்டும். இவ்வெண்ணை நம்பிய பொறியியலாளர் முனைகளைச் சுரண்டித் தாழ்த்துமாறு பணிப்பார். கைச்சுரண்டலில் தேர்ந்த தொழிலாளி, ஒரு தடவைக்குச் சில மைக்கிரோமீற்றர் வீதம், நாட்கணக்கில் உழைத்து, நேரான படுக்கையைக் கோணலாக்கி முடிப்பார். கணினியாற் கட்டுப்படுத்தப்படும் இயந்திரமாயின், இல்லாத கோட்டத்துக்கான திருத்த அட்டவணை அதன் நினைவகத்தில் ஏற்றப்படும். அதன் பின் பொருள்கள் கோணலாக வெளிவரும்போது, குற்றம் பெரும்பாலும் இயந்திரத்தை இயக்குபவர் தலையிலேயே சுமத்தப்படும். ‘லேசர் பொய் சொல்லாது’ என்பது அங்கே வாதமாக நிற்கும்.

வளியால் நேரும் இன்னொரு தொல்லை கொந்தளிப்பு. மோட்டார்கள், குளிர்திரவம், திறந்த கதவு, சாளரத்தூடு விழும் வெயில் என்பன வளியை அலைக்கும்போது, கருவியின் எண்கள் ஓயாது துடிக்கும். இது கண்ணுக்குத் தெரிவதால் அஞ்சப்படுகின்றது. ஆயினும் பெருமளவு எழுமாற்று வழுவாகிய இது, நீண்டநேரச் சராசரியால் தணியக் கூடியது. அமைதியாக நிற்கும் வளி அடுக்கே மிகுந்த தீங்கானது. அங்கே எண்கள் துடிப்பதில்லை, ஆனால் பொய்க்கின்றன. எனவேதான் அனுபவம் மிக்க அளவையாளர் மின்விசிறியால் வளியைக் கலக்கிவிட்டு அளப்பதுண்டு. எண்கள் முன்னிலும் அதிகம் துடிக்கும். அவற்றின் சராசரியோ உண்மைக்கு அண்மித்ததாகும். முறைமை வழுவை எழுமாற்று வழுவாக மாற்றும் உபாயம் இது. கற்றையைக் குழாயினுள் அடைத்துச் செலுத்துதல் மற்றோர் உபாயமாகும்.

4. ஆடியும் அதன் தாங்கியும்

தலையீட்டு முறையில் அளவுகோலாக அமைவது இரு தளவாடிகளுக்கும் நடுவேயுள்ள சமவெட்டுக் கோடாகும். அரியம் சிறிது திரும்பினாலும் விளைவு புறக்கணிக்கத் தக்கது. ஆடித்தொகுதி திரும்பினால் அவ்வாறன்று. ஒரு மைக்கிரோரேடியன் திருப்பம் 3 மீற்றரில் 3 மைக்கிரோமீற்றர் பொய் விலகலைத் தரும். ஆதலின் நகரும் மேசையில் அரியமும், அசையாத பகுதியில் ஆடியும் பொருத்தப்படுவதே பொதுவான நியதி. காந்தத் தாங்கியை அவசரமாகப் பொருத்துதல், நீண்ட மெல்லிய கம்பத்தின் நுனியில் ஆடியை நிறுத்துதல், திருகாணியை இறுக்கியவுடன் அளக்கத் தொடங்குதல் என்பன இவ்வகை வழுவுக்கு வழிவகுப்பன. அளவை முடிந்ததும் மேசையைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து, முதல் எண் மீண்டும் வருகின்றதா எனப் பார்த்தல் எளிய சோதனையாகும்.

ஆடியின் தளமும் முற்றிலும் சமனானதன்று. அரியம் விலகிச் செல்லச் செல்ல, கற்றைகள் ஆடியின் வெவ்வேறு பகுதிகளில் விழுகின்றன. 3 மீற்றரில் அவற்றிடையேயான தூரம் 80 மில்லிமீற்றரைத் தாண்டும். ஆடிப்பரப்பில் 0.03 மைக்கிரோமீற்றர் மேடு இருந்தால், முன்னர்க் கூறிய 36 மடங்குப் பெருக்கத்தால் அது ஒரு மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட கோட்டமாகக் காட்டப்படும். மேலும் இது ஒவ்வொரு தடவையும் அவ்வாறே திரும்ப வரும்.

5. அளக்கும் இடமும் தொழில் நிகழும் இடமும்

யேனா நகரில் சைஸ் தொழிலகத்திற் பணியாற்றிய ஏர்ண்ஸ்ட் அபே, அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும் என்னும் விதியை 1890இல் முன்வைத்தார். 1900இல் அத்தொழிலகத்தில் எட்டு மணி நேர வேலைநாளை நடைமுறைப்படுத்தியவரும் இவரே. 1979இல் ஜேம்ஸ் பிரையன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இவ்விதியை நேர்த்தன்மை அளவைக்கும் விரித்துரைத்தார். வெட்டுக் கருவி பொருளைத் தொடும் புள்ளியின் நேரேயே அளவையும் நிகழ வேண்டும். அன்றேல், மேசையின் கோணத் திருப்பங்களையும் அளந்து கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

உதாரணமாக, ஒளியியல் உறுப்பு வெட்டும் புள்ளியிலிருந்து 500 மில்லிமீற்றர் விலகி வைக்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். நகரும்போது மேசை 10 கோணச் செக்கன் திரும்பினால், இரு இடங்களிலும் பெறப்படும் விலகல்கள் தம்முள் 24 மைக்கிரோமீற்றர் வேறுபடக் கூடும். இங்கே கருவியும் பிழைக்கவில்லை, வளியும் பிழைக்கவில்லை. கேட்கப்பட்ட வினாவே வேறாயிற்று. பொருத்துவதற்கு வசதியான மூலையில் உறுப்பைப் பொருத்திய அக்கணமே வழு புகுந்துவிட்டது.

6. வெப்பமும் நேரமும்

இரும்பு மீற்றருக்கு ஒரு பாகை வெப்பநிலை உயர்வில் ஏறத்தாழ 11 மைக்கிரோமீற்றர் விரியும். 2 மீற்றர் நீளமும் அரை மீற்றர் உயரமும் உடைய படுக்கையின் மேற்பகுதி, அடிப்பகுதியைவிட ஒரு பாகை மாத்திரம் வெப்பமாயிருந்தால், படுக்கை நடுவில் ஏறத்தாழ 11 மைக்கிரோமீற்றர் மேலெழுந்து வளையும். இது பொய்யன்று, உண்மையான வளைவே. ஆயினும், இரவு முழுதும் ஓய்ந்திருந்த இயந்திரத்தைக் காலையில் அளந்துவிட்டு, அதுவே நண்பகலில் ஓடும் இயந்திரத்தின் இயல்பெனக் கொள்வது பிழையாகும்.

இத்தகைய வழுக்களைத் தவிர்க்கும் வழி எளியது: காத்திருத்தல். இயந்திரமும் ஒளியியல் உறுப்புகளும் நிலையான வெப்பநிலையை அடையும்வரை காத்திருந்து, போகும் வழியிலும் மீளும் வழியிலும் அளந்து, பன்முறை மீட்டுப் பார்த்தல் வேண்டும். ஆயின் இயந்திரம் அளவைக்காக நிற்கும் ஒவ்வொரு மணியும் உற்பத்தி இழப்பாகவே கணக்கிடப்படுகின்றது. அளவையாளருக்கு விடப்படும் நேரத்தைப் பௌதிக விதிகள் அன்றி, உற்பத்தி அட்டவணையே தீர்மானிக்கின்றது. எனவே வெப்பத்தால் நேரும் வழு எனப் பதியப்படுவதன் ஒரு பகுதி, அவசரத்தால் நேரும் வழுவேயாகும். சாளரத்தில் வெயில் எப்போது விழும், எந்த மோட்டார் எப்போது சூடேறும் என்பவற்றை அன்றாடம் அங்கு நிற்கும் தொழிலாளி அறிவார். அவரை வினவாது அளக்க முற்படுவோர் பயன்மிக்க தரவொன்றை இழக்கின்றனர்.

7. கணிப்பில் நேரும் வேறுபாடு

அளவீடுகள் பெறப்பட்ட பின்னரும் வழு முடிவதில்லை. லேசரின் அச்சும் இயந்திரத்தின் அச்சும் முற்றிலும் சமாந்தரமாக அமைவதில்லை யாதலால், அளவீடுகளிலிருந்து சாய்வொன்றைக் கழித்தல் வேண்டும். எக்கோட்டைக் கழிப்பது? முனைகளை இணைக்கும் கோட்டையா, இழிவு வர்க்கக் கோட்டையா, எல்லாப் புள்ளிகளையும் மிக ஒடுங்கிய பட்டையுள் அடக்கும் கோட்டையா? இம்மூன்றும் சர்வதேச நியமங்களில் இடம்பெறுவனவே. சம இடைவெளியுள்ள ஐந்து புள்ளிகளில் 0, +3, 0, –3, 0 என மைக்கிரோமீற்றரில் எண்கள் கிடைத்தனவெனக் கொள்வோம். முதற் கோட்டின்படி நேர்த்தன்மை வழு 6, இரண்டாவதன்படி 4.8. ஐந்து மைக்கிரோமீற்றர் வழுவமைதியாக விதிக்கப்பட்டிருந்தால், ஒரே இயந்திரம் ஒரு கணிப்பிலே தேறும், மற்றதிலே தவறும். விற்பவர் ஒரு கோட்டையும் வாங்குபவர் மறு கோட்டையும் கருத்திற் கொண்டிருப்பின், பிணக்கு இயந்திரத்தில் இல்லை; ஒப்பந்தத்தில் எழுதப்படாத சொல்லில் உள்ளது.

8. மூன்றாவது தட்டு

இவ்வளவு வழுக்களுக்கும் இடையில் உண்மையை அறிதல் இயலுமா? இயலும். அதற்கான நெறியை லேசருக்கு நெடுங்காலம் முன்னரே பட்டறை கண்டறிந்துள்ளது. மோட்ஸ்லியின் பட்டறையிற் பணிபுரிந்த ஜோசப் உவிற்வேத், சமதளத் தட்டுகளை ஆக்கும் முறையை 1840இல் கிளாஸ்கோவிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் முன் விளக்கினார். இரு தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தபடியே அவை கச்சிதமாகப் பொருந்திவிடலாம். மூன்றாவது தட்டொன்றைச் சேர்த்து, மூன்றையும் மாறிமாறி ஒப்பிட்டால் அவ்வுடன்பாடு குலையும். மூன்றும் தம்முள் எவ்வாறு மாற்றினும் பொருந்துமாயின், அவை சமதளமாகவே இருத்தல் வேண்டும். எந்தவொரு தட்டையும் முன்கூட்டியே நம்பாமல், ஒப்பீட்டின் மூலமே உண்மையை அடையும் முறை இது.

லேசர் அளவையில் இதற்கு நிகரானது திருப்பி அளத்தல் ஆகும். ஆடித்தொகுதியை அதன் அச்சிற் 180 பாகை திருப்பிப் பொருத்தி மீண்டும் அளக்க வேண்டும். திசைக் குறியைச் சரிசெய்து நோக்கின், இயந்திரத்தின் கோட்டம் இரு தடவையும் ஒன்றாகவே நிற்கும். ஆடியின் கோட்டம் குறி மாறி வரும். இரண்டின் சராசரி இயந்திரத்துக்குரியது. வேறுபாட்டின் பாதி ஆடிக்குரியது. சிறந்த ஆடியை வாங்காமலே ஆடியின் வழு நீக்கப்படுகின்றது.

ஆயினும் இதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஆடி திரும்பும்போது வளி திரும்புவதில்லை. வளியின் பொய் வளைவு இயந்திரத்தின் கோட்டத்தோடு ஒட்டியே நிற்கும். அதனைப் பிரிக்க, ஒளிக்குப் புறம்பான சான்று தேவை. புவியீர்ப்பை ஆதாரமாகக் கொண்ட இலத்திரன் மட்டமானியால் படிப்படியாகச் சாய்வுகளை அளந்து கூட்டியோ, நேர்விளிம்புச் சட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்து அளந்தோ பெறும் முடிவோடு லேசரின் முடிவை ஒப்பிடலாம். மட்டமானிக்கும் வழுக்கள் உண்டு. ஆனால் அவை வேறு காரணங்களாற் பிறப்பவை. வேறு வேறு காரணங்களால் தவறக்கூடிய இரு சான்றுகள் ஒத்துவரும்போதே அவ்வொப்புக்குப் பெறுமதி உண்டாகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், லேசர் உலகுக்குப் புறம்பே நின்று உலகை அளக்கும் கோலன்று என்பது பெறப்படும். அதன் கற்றை அதே பட்டறையின் வளியில் வளைகின்றது. அதன் ஆடி அதே இரும்பின் மேல் நிற்கின்றது. அதன் எண்ணை அதே உற்பத்தி அட்டவணை அவசரப்படுத்துகின்றது. புறநிலை உண்மை இல்லை என்பது இதன் பொருளன்று. பாதை நேராகவோ கோணலாகவோ இருப்பது நமது விருப்பத்தைச் சார்ந்ததன்று; அதனை அறியவும் முடியும். ஆனால் அவ்வறிவைக் கருவி தானாகத் தந்துவிடாது. அளவீட்டோடு அது பெறப்பட்ட நிலைமைகளும் எழுதப்படல் வேண்டும்: வளியின் வெப்பநிலை எவ்விடங்களில் எவ்வளவு, உறுப்புகள் பொருத்தப்பட்ட இடம் யாது, காத்திருந்த நேரம் எவ்வளவு, கழிக்கப்பட்ட கோடு எது, திருப்பி அளக்கப்பட்டதா என்பன யாவும் அதில் அடங்கும். இவை இல்லாத சான்றிதழ், எத்துணை நுண்ணிய எண்ணைத் தாங்கி வந்தாலும், மூலம் குறிப்பிடாத மேற்கோளை ஒத்ததே. அத்தகைய எண்ணொன்றைக் காட்டிப் படுக்கையைச் சுரண்டுமாறு பணிக்கப்படும் தொழிலாளி, ‘இதனை எவ்வாறு அளந்தீர்கள்?’ எனக் கேட்பாராயின், அவ்வினா அளவையியலின் முதல் வினாவேயாகும். அதற்கு விடை கூறும் பொறுப்பு அளந்தவருடையது.